எதை எடுப்பது, எதை விட்டு வைப்பது?

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



உங்க ஊர் வரப்பிலே, வேலியிலே, ஏரிக்கரையிலே எத்தனை வகைச் செடிகொடி இருக்குதுன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க. வேம்பு, ஆலம், அரசு என்று சில மரங்களைச் சொல்லுவாங்க. மீதி எல்லாத்துக்கும் ஒரே பேர்தான்: "களை". அதே கேள்வியை ஊரிலே ஆடு மேய்க்கிற ஒரு பெரியவரிடம் கேளுங்க. ஒவ்வொரு செடியா நின்னு நின்னு சொல்லுவார். இது ஆடு தொடாது, அது பூ விட்ட பிறகு கசக்கும், இந்த வேர் மழைக்குப் பிறகுதான் உதவும், இது பார்க்க அது மாதிரி இருக்கும், ஆனா அது இல்லை என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் சொல்கிற செடி கண்ணெதிரே இருக்குது. சொல்கிற ஆள்தான் குறைந்துகொண்டே போகிறார்.

இந்த அறிவைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. இனத் தாவரவியல் என்று தமிழில் சொல்வார்கள். ஒரு மண்ணிலே வாழ்கிற மக்கள் அந்த மண்ணின் செடிகொடிகளை எப்படித் தெரிந்து வைத்திருக்கிறார்கள், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் படிப்பது அது. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலே பணி செய்து, கரும்பு இனங்களைப் பற்றி உலகம் அறிய ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். அத்தனை பெரிய விஞ்ஞானி தம் பிற்காலத்தில் மலைவாழ் மக்களின் செடி அறிவைத் தேடிப் போனார். சென்னைக்குப் பக்கத்திலே மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை, அதாவது 1984 வரை, செடிகளோடுதான் இருந்தார். படித்தவர் படிக்காதவரிடம் போய்க் கேட்பது ஒன்றும் குறைவில்லை என்பதற்கு அவரே சாட்சி.

ஐந்து கேள்விகள்

பச்சிலை அறிவு என்றால் "இந்த இலை இந்த நோய்க்கு" என்று ஒரு வரியிலே முடிகிற சங்கதி இல்லீங்க. தெரிந்தவரிடம் ஐந்து கேள்விக்குப் பதில் இருக்கும். எந்தச் செடி? அதிலே எந்தப் பாகம்? எந்தப் பருவத்திலே? எவ்வளவு? இது நாலு. ஐந்தாவதுதான் முக்கியம்: எதை எடுக்காமல் விட்டு வைக்கணும்? முதல் நாலு கேள்விக்குப் பதில் தெரிந்தவர் செடியைப் பயன்படுத்துவார். ஐந்தாவதும் தெரிந்தவர்தான் அதே செடியை அடுத்த வருஷமும் பயன்படுத்துவார். இன்றைக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஐந்தாவது கேள்வியைப் பற்றித்தான். ஆனால் முதல் நாலைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

வேம்பிலே பருவமும் அளவும்

வேம்பை எடுத்துக்கொள்ளுங்க. குதிரிலே தானியத்தோடு வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டு வைப்பது நமக்குப் புதிதில்லை. பூச்சி வராது என்று நம்ம பாட்டிமார் சொன்னாங்க. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவிலே சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை வந்து இறங்கியது. இலை என்று இருந்ததை எல்லாம் தின்றுவிட்டது. அந்தப் பக்கத்திலே நம்ம நாட்டு வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நின்றன. வெட்டுக்கிளி மரத்திலே உட்கார்ந்தது, ஆனால் தின்னவில்லை. ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியல் அறிஞர் அதைக் கண்ணாலே பார்த்தார். அதிலிருந்துதான் வேம்பைப் பற்றிய உலக ஆராய்ச்சி வேகம் பிடித்தது. வேப்பங்கொட்டையில் இருக்கிற அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியைத் தின்னவிடாது. புழு தோலுரித்து வளர்வதையும் தடுத்துவிடும் என்று கண்டுபிடித்தார்கள்.

சரி, இதிலே பருவமும் அளவும் எங்கே வருகிறது? வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தேன், ஒண்ணும் கேட்கலை என்று சிலர் சொல்வதுண்டு. விசாரித்தால் இரண்டு வருஷத்துக் கொட்டையாக இருக்கும். அல்லது வெயிலிலே காயப் போட்டதாக இருக்கும். அல்லது உச்சி வெயிலிலே தெளித்திருப்பார். முறை இதுதான்:

பழம் உதிர்கிற காலத்திலே பொறுக்கி, சதை நீக்கி, கொட்டையை நிழலிலே உலர்த்துங்க. மூன்று மாதம் ஆன பிறகு, எட்டு மாதத்துக்குள்ளே பயன்படுத்துங்க. ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோ எடுத்து இடித்து, 10 லிட்டர் தண்ணீரிலே ஒரு இரவு ஊற வையுங்க. காலையிலே பால் போல வெளுத்து வரும். துணியிலே இரண்டு மூன்று முறை வடிகட்டி, 100 லிட்டராகத் தண்ணீர் சேருங்க. இலையிலே ஒட்டுவதற்கு 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துக் கலக்குங்க. அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே, சாயங்காலம் நாலு மணிக்கு மேலே தெளியுங்க. வெயில் பட்டால் சத்து போய்விடும்.

கொட்டை ஒன்றுதான். நிழலா வெயிலா, மூன்று மாதமா இரண்டு வருஷமா என்பதிலேதான் பலன் இருக்கிறது. செடி பெயர் தெரிந்தால் பாதி கூடத் தெரிந்ததாகாது என்பது இதிலேயே விளங்கும்.

மடிநோய்க்குக் கற்றாழை

கறவை மாடு வைத்திருக்கிறவர்களுக்கு மடிநோய் என்றால் வயிற்றிலே புளியைக் கரைக்கும். காலையிலே பார்த்தால் மடி கல்லாக இருக்கும், பால் திரிந்து வரும். ஒரு காம்பு போனால் அந்த மாட்டுக்கு விலையே இல்லை. இதற்குக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் தடவுவது கிராமத்துப் பழக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதைப் போன்ற வைத்தியங்களைக் கிராமத்திலே கேட்டு வாங்கி, அளவு கட்டி, மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்து, முறைப்படுத்தினார்கள். இன்றைக்கு வேறு மாநிலத்துப் பால் பண்ணையாளர்களும் இதைப் பின்பற்றுகிறார்கள்.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச் சிவந்த விழுது வரும். மடியில் இருக்கிற பாலைச் சுத்தமாகக் கறந்துவிட்டு, மடியைக் கழுவித் துடைத்து, ஒரு கைப்பிடி விழுதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, மடி முழுவதும் தடவுங்க. காலையிலே ஒரு தடவை, மாலையிலே ஒரு தடவை என்று நிறுத்தக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் கழுவிவிட்டுத் தடவணும். ஐந்து நாள் விடாமல் செய்யணும். அன்றாடம் புதிதாக அரைக்கணும். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலும், பாலிலே இரத்தம் வந்தாலும், தீனி எடுக்காமல் படுத்துவிட்டாலும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடத் தாமதிக்காதீங்க. பச்சிலையும் டாக்டரும் ஒருவருக்கொருவர் எதிரி இல்லை.

கொல்லும் செடியும் இருக்கு

இங்கே ஒரு எச்சரிக்கை. பச்சிலைதானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. தழைந்து வருகிற இளஞ்சோளப் பயிரிலே மாட்டை விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதே சோளம் முற்றி உலர்ந்து தட்டையான பிறகு தீவனம். செடி ஒன்று, பருவம் வேறு. செங்காந்தள் கிழங்கு ஒரு துண்டு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. கீழாநெல்லி போலவே இருக்கிற செடிகள் வரப்பிலே இரண்டு மூன்று உண்டு. ஆகவே கேள்விப்பட்டதை வைத்து யாரும் தானே கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம். மஞ்சள் காமாலை என்று தெரிந்தால் முதலிலே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பாருங்க.

காணி மக்கள் காட்டிய பழம்

இப்போ மலைக்குப் போவோம். பொதிகை மலை என்கிற அகத்தியர் மலைத் தொடரிலே காணி என்ற மலைவாழ் மக்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும், அந்தப் பக்கம் கேரளத்திலே திருவனந்தபுரம் மாவட்டத்திலும் அவர்கள் வாழ்கிறார்கள். 1987-ஆம் ஆண்டு கேரளப் பக்கத்துக் காட்டிலே ஒரு விஞ்ஞானிகள் குழு போனது. வழி காட்டக் காணி இளைஞர்கள் கூட வந்தார்கள். மேடு ஏறி ஏறி விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குகிறது. கூட வந்தவர்களோ சும்மா நடக்கிறார்கள். நடக்கும்போதே ஒரு சின்னச் செடியின் பழத்தைப் பறித்து மென்றுகொண்டு வருகிறார்கள். இவர்களும் வாங்கித் தின்று பார்த்தார்கள். களைப்பு போய் உற்சாகம் வந்தது. என்ன செடி என்று கேட்டபோது காணிகள் உடனே சொல்லிவிடவில்லை. வெளியாளுக்குச் சொல்லக் கூடாத சங்கதி என்று தயங்கினார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி சொன்ன பிறகுதான் செடியைக் காட்டினார்கள்.

அந்தச் செடிக்கு ஆரோக்கியப் பச்சை என்று பெயர். திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோடு என்ற இடத்தில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்து ஆராய்ச்சியாளர்கள் அதன் இலையோடு வேறு மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்று ஒரு மருந்து செய்தார்கள். 1995-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆயுர்வேத மருந்து நிறுவனம் ஒன்று அதைத் தயாரிக்க உரிமை பெற்றது. உரிமைத் தொகை 10 இலட்சம் ரூபாய். விற்பனையிலே நூற்றுக்கு 2 பங்கு. வந்ததிலே பாதி காணி மக்களுக்கு என்று ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. அறிவைச் சொன்னவருக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமே இதைப் பேசியது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. இரண்டு சிக்கல் வந்தது. ஒன்று, காணிகளிலேயே சில வைத்தியர்கள் எதிர்த்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் சொத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? ஒரு சமுதாயத்தின் அறிவை ஓரிருவர் சொல்லிவிட்டால் எல்லோரும் சொன்னதாகிவிடுமா? இரண்டாவது சிக்கல் செடிக்கே வந்தது. இலைக்குக் கிராக்கி ஏறியதும் ஆட்கள் காட்டிலே புகுந்து செடியை வேரோடு பிடுங்கினார்கள். இலை பறித்தால் செடி மறுபடி தழையும். பிடுங்கினால் முடிந்தது. வனத்துறை தடை போட்டது. முறையாக இலை பறிக்கத் தெரிந்த காணிகளும் அதனால் பறிக்க முடியாமல் போனார்கள். முதல் நாலு கேள்விக்குப் பதிலை வாங்கிக்கொண்டு, ஐந்தாவதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

தலையைத் திரும்ப நடுகிறவர்கள்

மலைவாழ் மக்கள் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டினால் கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கொடியோடு இருக்கிற தலைப்பாகத்தைத் திரும்பக் குழியிலே வைத்து மண் மூடிவிடுவார்கள். அடுத்த மழைக்கு அது மறுபடி கிழங்கு விடும். வங்கியிலே வட்டியை எடுத்து முதலை விட்டு வைப்பது போலத்தான் இது.

இப்போ செங்காந்தளைப் பாருங்க. நம்ம மாநில மலர். கலப்பை போலக் கிழங்கு இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வோம். அதன் விதையிலிருந்து எடுக்கிற கோல்சிசின் என்ற பொருள் மூட்டுவீக்க நோய்க்கு மருந்தாகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கத்திலே விவசாயிகள் இதைப் பயிராகவே செய்கிறார்கள். கிளுவை முள்ளை ஊன்றிக் கொடி ஏற்றி, காலை வேளையிலே பூவுக்குப் பூ கையாலே மகரந்தம் தொட்டு வைத்துப் பாடுபடுகிறார்கள். ஆனால் நடுவதற்குக் கிழங்கு வேணுமே! அதற்காகக் காட்டிலும் மேட்டிலும் இருந்த கிழங்கைத் தோண்டித் தோண்டி, தானாக முளைத்த இடங்களிலே அது அரிதாகிவிட்டது. பயிர் செய்வது நல்லதுதான். அதற்கு வேண்டிய கிழங்கைத் தன் வயலிலேயே பெருக்கிக்கொண்டால் இன்னும் நல்லது. மகாளிக் கிழங்குக்கும் இதே கதிதான். ஊறுகாய்க்கு ஆசைப்பட்டு மலையிலே மூல வேரையும் சேர்த்துத் தோண்டுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் தோண்டி, சில வேரை எடுத்து, மீதியை மண் மூடி விடுகிறவர்தான் பேரப்பிள்ளைக்கும் ஊறுகாய் போடுவார்.

சமவெளியிலும் இந்தப் புத்தி நமக்கு இல்லாமல் இல்லை. கோயில் காட்டிலே அரிவாள் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் வைத்த கட்டுப்பாடு வேறென்ன? கொங்கு நாட்டிலே பொங்கலுக்கு முன்னாலே காப்புக் கட்டுகிறோம். வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் தேடிக் கொண்டுவந்து வீட்டிலும் தோட்டத்திலும் செருகுகிறோம். தேடிப் போனால்தானே அவை இருக்கின்றனவா, இல்லையா என்று தெரியும்? இன்றைக்குச் சிறுபீளையை டவுன் கடையிலே காசு கொடுத்து வாங்கி வருகிறோம். வரப்பிலே களைக்கொல்லி அடித்தவர்களுக்கு அது கிடைக்காமல் போனதிலே ஆச்சரியம் என்ன?

எழுதி வைத்தது காப்பாற்றியது

இன்னொரு விஷயம். 1995-இல் அமெரிக்காவிலே மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு ஒரு காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம்ம வீட்டுப் பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் மஞ்சள் பூசுகிறோமே, அதற்குத்தான்! இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்குப் போட்டது. பழைய நூல்களையும் அச்சான கட்டுரைகளையும் எடுத்துக் காட்டியது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. அது போலவே வேப்பெண்ணெயால் பூஞ்சாணத்தைத் தடுக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பாவிலே கொடுத்த காப்புரிமை 2000-இல் ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது.

இதிலே கவனிக்க வேண்டியது என்ன? "எங்க பாட்டி செய்தாங்க" என்று சொன்னால் மட்டும் அங்கே போதவில்லை. எழுதியது எங்கே, அச்சானது எங்கே என்று கேட்டார்கள். மஞ்சளுக்கும் வேம்புக்கும் எழுத்து இருந்தது. உங்க ஊர்ப் பெரியவர் மட்டும் அறிந்த பச்சிலைக்கு எழுத்து எங்கே இருக்கிறது? அவர் நாளைக்குக் கண்ணை மூடினால் வழக்குப் போடவும் ஆளில்லை, வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை.

இதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊராட்சிகளிலே பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கணும். ஊரிலே என்ன செடி, என்ன மரம், என்ன நெல், என்ன மாட்டினம், அவற்றைப் பற்றிய அறிவு என்ன என்று ஊர் மக்களே சொல்லி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். உங்க ஊராட்சி அலுவலகத்திலே போய்க் கேளுங்க: "எங்க ஊர்ப் பதிவேடு எங்கே? அதிலே யார் சொன்னதை எழுதியிருக்கு?" பேருக்கு எழுதி அலமாரியிலே வைத்திருந்தால் கிராம சபையிலே எழுந்து கேளுங்க.

நீங்க செய்யக்கூடியது

நாலு காரியம் சொல்கிறேன். நாலும் செலவில்லாதவை.

முதலாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. வீட்டிலே படிக்கிற பிள்ளையைப் பெரியவரோடு ஞாயிற்றுக்கிழமை வரப்பிலே நடக்கச் சொல்லுங்க. ஒரு செடிக்கு ஒரு பக்கம். உள்ளூர்ப் பேர், பாகம், பருவம், அளவு, எதை விட்டு வைக்கணும் என்று ஐந்து பதிலையும் எழுதட்டும். ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்தி ஒட்டட்டும். சொன்னவர் பேரையும் ஊரையும் தேதியையும் மறக்காமல் எழுதணும்.

இரண்டாவது, சொல்கிறவர் சம்மதம் கேளுங்க. இதை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னால் எழுதாதீங்க. வெளியூரிலிருந்து யாராவது வந்து பச்சிலை விவரம் கேட்டால், யார், எதற்கு, எழுதியதை ஊருக்குக் கொடுப்பீர்களா என்று கேட்ட பிறகு சொல்லுங்க. காணி மக்கள் தயங்கினார்களே, அந்தத் தயக்கத்திலே ஞானம் இருந்தது.

மூன்றாவது, எல்லா வரப்பிலேயும் களைக்கொல்லி அடிக்காதீங்க. ஒரு ஓரம், ஒரு வேலி, ஒரு மூலை என்று விட்டு வையுங்க. அங்கே ஆடாதொடை, நொச்சி, ஆவாரை, கற்றாழை, கீழாநெல்லி இருக்கட்டும். பூச்சிக் கரைசலுக்கும் மடிநோய்க்கும் கடைக்கு ஓட வேண்டாம். பயிருக்கு நன்மை செய்கிற பூச்சிகளுக்கும் அது வீடாகும்.

நாலாவது, மூலிகை வாங்குகிற வியாபாரி வந்து வேரோடு வேணும் என்றால், வேரோடு கொடுத்தால் அடுத்த வருஷம் என்ன கொடுப்போம் என்று யோசித்துப் பதில் சொல்லுங்க. இலை பறிக்கிறதானால் பாதிக் கிளையை விடுங்க. விதை எடுக்கிறதானால் ஒரு பங்கு மண்ணிலே உதிரட்டும். கிழங்கு எடுக்கிறதானால் தலையைத் திரும்ப நட்டுவிடுங்க.

உழவர் பெருமக்களே, ஒரு காலத்திலே தஞ்சைப் பக்கத்திலே ஆடுதுறை 27 நெல்லுக்கு ரேடியோ நெல் என்று பேர். வானொலியிலே கேட்டுக் கேட்டு விவசாயிகள் நட்டதாலே அந்தப் பேர் வந்தது. வெளியிலிருந்து வந்த அறிவை நம்ம மக்கள் அப்படி ஆசையோடு காது கொடுத்துக் கேட்டாங்க. அதே காதை இப்போ வீட்டுத் திண்ணைப் பக்கமும் கொஞ்சம் திருப்புங்க. அங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு ஒலிபரப்பு நேரம் கிடையாது. நாம போய்க் கேட்டால்தான் அவர் பேசுவார்.